ஆறுக்கு அடுத்து ஒன்பது

கையைத் தோள்பட்டை வரைக்கும் உள்ளே விட்டாயிற்று. இன்னும் நாலு விரற்கடை போனால் போதும்.

செங்குத்தாக நிமிர்த்தி வைத்திருந்த சோபாவுக்கும் நடைவழிச் சுவருக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளிதான் இருந்தது. கன்னம் சோபாவின் அடித்துணியில் அழுந்தியது. உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டே போயிற்று. சுண்ணாம்பு. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அப்புறம் மரம். அவனே இழைத்த மரம், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நடுவிரலை நீட்டினான்.

வழவழப்பான மரமூடி இருக்க வேண்டிய இடத்தில் ஜில்லென்று இரும்பு துருத்திக்கொண்டு நின்றது.

திருகாணி வெளியே வந்திருக்கிறது.

இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். இரும்புதான்.

"என்ன மாப்பிள்ளை தேடுறீங்க?"

வெடுக்கென்று இழுத்ததில் முழங்கை சிராய்த்துக்கொண்டது. நடைவழியின் முனையில் மேல்வீட்டு டீச்சர் ஒரு தட்டில் காபி டம்ளர்களோடு நின்றார்.

"பூனைங்க," என்றான். "உள்ள போயிடுச்சு."

டீச்சர் 'ஐயோ பாவம்' என்பதுபோல சோபாவைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் பூனை கிடையாது. பெரியவருக்குப் பூனையே ஆகாது. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் குழிகளில் விழுந்த பூனைகளை எடுத்துப் போட்டே ஆயுசு போச்சு என்பார்.

அந்தப் பெரியவர்தான் இப்போது கூடத்தின் நடுவில், வெள்ளைப் போர்வைக்குள், கால் இரண்டையும் நேராக நீட்டிப் படுத்திருந்தார். அவனுடைய மாமனார். கூடத்தில் இடம் வேண்டுமே என்று அக்கம்பக்கத்து ஆட்கள் சோபாவைத் தூக்கி நடைவழியில் நிறுத்தியிருந்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் உலகத்தில் அத்தனை சுவர் இருக்க, அந்தச் சுவரில் சாய்த்து, அவன் போட்ட கைப்பிடியின் வலது முனையை மறைத்து நிறுத்தியிருந்தார்கள். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

இடது முனை தெரிந்தது. இரண்டு மரமூடிகளும் அழகாக, பாலிஷ் மின்ன, சட்டைப் பொத்தான்போல உட்கார்ந்திருந்தன. இடது முனையைப் பற்றி அவனுக்கு எந்தக் கவலையும் இல்லை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்தமாக மரப்பட்டறை, கீழே மூன்று பேர் வேலை. என்ன இருந்து என்ன, இந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் அவனுக்கு ஒரே பெயர்தான்: மாப்பிள்ளை. இரண்டு தெரு தள்ளி வீடு. பெரியவர் தனியாகத்தான் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, தினம் காலை ஏழு மணிக்கு அவன் மனைவி வந்துவிடுவாள். அப்பாவுக்குக் கால் பயிற்சி.

பயிற்சி சொல்லிக்கொடுத்தது ஒரு பிசியோ பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், பேச்சில் மட்டும் ஹெட்மாஸ்டர். நேராக நிற்க வேண்டும். முதுகு வளையாமல், முழங்கால் மடங்காமல், ஒரு காலைப் பின்பக்கமாகத் தூக்க வேண்டும், ஒரு முழம் போதும். பத்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். கண் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விஷயம். கையால் பிடித்திருப்பது அசையக்கூடாது. பின்னால் ஒரு ஆள் இடுப்பருகில் கை வைத்து நிற்க வேண்டும்.

முதல் நாள் பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தார். பிசியோ பெண் அதை ஒற்றை விரலால் நகர்த்திக் காட்டி, "இதுவா உங்களைத் தாங்கப் போகுது?" என்று கேட்டுவிட்டாள். அதன்பிறகு சமையலறை மேடை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்க்க நிற்கவைத்த மாதிரி இருக்கிறது என்றார். எண்ணுவதிலும் ஏமாற்று. ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக ஆறு வரை வருவார், அடுத்தது ஒன்பது. மகள் அதட்டினால், "ஏழாவது, எட்டாவது மாடியில இந்த லிஃப்ட் நிக்காதும்மா" என்பார்.

அப்போதுதான் அவன் வாயைக் கொடுத்தான். நடைவழிச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துத் தருகிறேன் மாமா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை. மூன்றடி நீளம், உருண்டை, கைக்கு இதமாக இழைத்துக் கொண்டுவந்தான். முனைக்கு இரண்டு திருகாணி. இடது பக்கம் கல்லில் இறங்கியது மாதிரி இறங்கிற்று. வலது பக்கம் துளைக்கும்போதே தெரிந்துவிட்டது. டிரில் பொசுக்கென்று உள்ளே போனது. எப்போதோ குழாய் போட வெட்டி, மண்ணும் சிமெண்ட்டுமாக அள்ளி அப்பின இடம். அவனிடம் இருந்த இரண்டங்குல ஆணி அந்தப் பூச்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. சுவருக்குள் விரிந்து கவ்வுகிற நாலங்குல ஆங்கர் போல்ட் வேண்டும். கையில் இல்லை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் ஸ்டூல் போட்டு, ஊன்றுகோலில் முகவாயை வைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவன் செய்த ஒவ்வொரு மேசையையும் ஆட்டிப் பார்த்த மனுஷன். 'மரவேலைக்காரங்க மறைக்கத் தெரிஞ்சவங்க. எங்க வேலையில மறைச்சா ஆள் செத்துடும்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுகிறவர். அவர் எதிரில், போட்ட ஆணி பிடிக்கவில்லை மாமா என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

மூடியை வைத்து அழுத்தி, மேலே பாலிஷ் தடவிவிட்டான். நாலு மூடியும் ஒரே மாதிரி. பாலிஷ் காய ஒரு வாரம் ஆகும் மாமா, அதுவரைக்கும் தொடாதீங்க, அடுத்த ஞாயிறு வந்து பார்த்துட்டுச் சொல்றேன் என்றான்.

அந்த அடுத்த ஞாயிறு இன்றைக்கு.

காலையில் இரும்புக் கடையில் நாலங்குல ஆங்கர் போல்ட் இரண்டு வாங்கிப் பேன்ட் பையில் போட்ட நேரத்தில்தான் போன் வந்தது. அந்த இரண்டும் இன்னும் பையில்தான் கிடக்கின்றன. உட்கார்ந்தால் தொடையில் குத்துகின்றன.

டாக்டர் அவன் வருவதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இதயம் என்றாராம். நின்றவாக்கில் நின்றுவிட்டது என்றாராம். முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. எல்லாரும் அதைக் கேட்டு, பெரியவர் புண்ணியம் பண்ணவர், படுக்கையில் கிடக்காமல் போய்விட்டார் என்றார்கள். அவனுக்கு மட்டும் அந்த முழங்கை உறுத்தியது. ஒற்றைக் காலில் நிற்கிற எழுபத்தாறு வயசுக்காரர். பிடித்திருந்தது கையோடு வருகிறது. அந்த நொடியில் எந்த இதயம் நிற்காமல் இருக்கும்?

மனைவியைப் பார்த்தான். அப்பாவின் கால்மாட்டில், போர்வை நுனியை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பக்கம் கண் வந்தால் உடனே திருப்பிக்கொண்டாள்.

தெரிந்துவிட்டது என்று நினைத்தான். அவள்தானே அப்பாவைத் தூக்கியவள். ஆணி தொங்கியதைப் பார்த்திருப்பாள்.

இரண்டு மணி ரயிலில் மச்சான் வந்தான்.

அவன் மனைவிக்கு அண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டங்களைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர். எரிந்துபோன குடோனுக்குள் நுழைந்து, சாம்பலைக் காலால் கிளறிவிட்டு, இது தானாகப் பிடித்த தீயா, ஆள் வைத்த தீயா என்று சொல்கிற உத்தியோகம். அப்பாவின் நெற்றியில் கை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றான். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். அப்புறம் வழக்கம் அவனை விடவில்லை.

எத்தனை மணிக்கு, யார் முதலில் பார்த்தது, செருப்பு போட்டிருந்தாரா, தரை ஈரமா. தங்கை ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஏழு பத்து. நான்தான். போட்டிருந்தார். ஈரமில்லை.

"எதைப் பிடிச்சிட்டு நின்னார்?"

அவள் போர்வை நுனியை மறுபடி மடித்தாள். டீச்சர் சொல்லிவிட்டார், நடைவழியில் மாப்பிள்ளை ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்திருக்கிறாரே, அதை என்று.

மச்சான் அவன் பக்கம் திரும்பினான். வந்தது கேள்வி என்று மாப்பிள்ளை பையிலிருந்த போல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வியாழக்கிழமை போன்ல சொன்னார்," என்றான் மச்சான். "மாப்பிள்ளை ஒரு கைப்பிடி போட்டிருக்கார்டா, யானையைக் கட்டலாம்னு. அவர் வாயால யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். எழுந்து வெளியே போனான். மாடிப்படி அடியில் நின்று தண்ணீர் குடித்தான். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டான். வியாழக்கிழமை. அப்படியானால் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. பாலிஷ் காய்வதற்கு முன்பே பிடித்துத் தொங்கியிருக்கிறார். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் எப்படித் தாங்கியது? நாலாம் நாள் ஏன் தாங்கவில்லை?

திரும்பி வந்தபோது நடைவழி முனையில் சோபாவுக்கு அருகே ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. டீச்சர் வேலை. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டுல ஏது பூனை, மாப்பிள்ளை?"

"எதோ வெளிப்பூனை, மச்சான்."

"ம்," என்றான் இன்ஸ்பெக்டர். அந்த 'ம்'முக்கு எத்தனை குடோன் முதலாளிகள் வேர்த்திருப்பார்களோ. "அப்பா நின்ன இடத்தை ஒரு தடவை பார்க்கணும். சுடுகாட்டுக்கு வண்டி போயிட்டு வரட்டும். சாயங்காலம் நீங்களும் நானும் இதைத் தூக்கி வெச்சிடலாம்."

வண்டி வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால் மனைவி அவனைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டாள். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா காலையில் போட்டிருந்த சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"பையில இருந்துச்சு. என்னன்னு தெரியல. உங்க பட்டறை சாமானான்னு பாருங்க."

கைக்குட்டை ஒன்று. மொட்டைப் பென்சில் ஒன்று. அப்புறம் பொத்தான் அளவில் உருண்டையான இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் பாலிஷ் பளபளக்க.

அவனுடைய மூடிகள்.

கைப்பிடி பெயர்ந்து விழுந்தவருக்கு, மூடியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள நேரம் ஏது? அப்படியானால் முன்பே எடுத்திருக்கிறார். கத்தி முனையால் நெம்பி எடுத்த தடம்கூட ஓரத்தில் இருந்தது. மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். ஆணி பிடிக்காமல் சுற்றுகிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துமா அதைப் பிடித்தார்?

"நம்ம சாமான்தான்," என்றான். மூடிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

அவள் வாயைத் திறந்தாள். வெளியே வண்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடிக்கொண்டாள்.

தலைமாட்டில் மச்சான், கால்மாட்டில் அவன், பக்கத்துக்கு ஒருவர். படியிறங்கும்போது பெரியவரின் எடை முழுவதும் அவன் கைக்குத்தான் வந்தது. அசையாமல் பிடித்துக்கொண்டான். அவனால் முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று தோன்றியது.

ஆறு மணிக்குத் திரும்பினார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். கூடம் துடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாங்க மாப்பிள்ளை என்றான்.

ஆளுக்கு ஒரு பக்கம். சொல்லிவிடலாமா என்று பார்த்தான். தூக்குவதற்கு முன்னால் சொன்னால் அது ஒப்புக்கொண்டது; தூக்கிய பிறகு சொன்னால் பிடிபட்டது. மச்சான் 'தூக்குங்க' என்று சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"மச்சான், அந்த வலது பக்கம் ஆணி..."

சோபா நகர்ந்துவிட்டது.

கைப்பிடி இருந்தது. இழைபிசகாமல், மட்டம் மாறாமல், போன ஞாயிறு அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. வலது முனையில் மட்டும் மூடிகள் இல்லை. அந்த இரண்டு துளையிலும் இரண்டு ஆங்கர் போல்ட், கீழே வாஷர் வைத்து, தலை வெளியே தெரிய முறுக்கியிருந்தது. அழகு பார்க்காத முறுக்கு. லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தைச் சுவரோடு பிணைக்கிறவன் முறுக்குகிற முறுக்கு. விரலில் காலையில் தட்டுப்பட்ட இரும்பு அதுதான்.

பையிலிருந்ததை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே கனம், அதே தலை.

போல்ட்டுக்கு மேலே, சுவரில், பென்சிலால் பொடி எழுத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி. அதன் கீழே மூன்று வார்த்தை: 'முழு எடை. சரி.' அதற்கும் கீழே வரிசையாக ஐந்து டிக்.

"அப்பா கையெழுத்து," என்றான் மச்சான். குனிந்து, விரல் படாமல், டிக்குகளை எண்ணினான். "லிஃப்ட் ரூம்ல இப்படித்தான் எழுதுவார். ஓட்டறதுக்கு முன்னாடி தினம் இழுத்துப் பார்த்துட்டு ஒரு டிக். புதன், வியாழன், வெள்ளி, சனி..." விரல் கடைசி டிக்கில் நின்றது. "இன்னிக்கும் பார்த்திருக்கார்."

மச்சான் இடது முனையின் மூடிகளைப் பார்த்தான். வலது முனையின் போல்ட்டுகளைப் பார்த்தான். அப்புறம் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் இருந்த புதுப் போல்ட் இரண்டையும் பார்த்தான். சாம்பலைக் கிளறவே வேண்டியிருக்கவில்லை.

"என் ஆணி நிக்கல மச்சான். மூடி வெச்சு மறைச்சிட்டேன். அவர் பார்த்துட்டார்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க எதுவும் அகப்படாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அவர் பார்த்துட்டு, யானையைக் கட்டலாம்னு என்கிட்ட சொன்னார்," என்றான். "ரிப்போர்ட் அவர் எழுதியாச்சு. நான் என்னத்தை எழுத."

பால் கிண்ணத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான். ஏடு படிந்திருந்தது.

மனைவி அவர்கள் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. எப்போதிலிருந்து நிற்கிறாளோ. சுவரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பாலிஷ் காயற வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. புதன்கிழமையே பிடிச்சிட்டார். உங்ககிட்ட சொல்லாதேன்னார்." முந்தானை நுனியை மடித்தாள். "கைப்பிடிதான் இருக்கேன்னு இன்னிக்கு நான் பின்னாடி நிக்கல. காபி போடப் போயிட்டேன். அங்கேருந்து எண்ணுறது கேட்டுச்சு. ஆறு வரைக்கும் கேட்டேன். ஒம்பது வரும், வந்து திட்டலாம்னு..."

அவ்வளவுதான் சொன்னாள். காலையிலிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது எதற்கு என்று அவனுக்கு விளங்கியது.

"பிடிச்ச பிடியிலதான் இருந்தாரா?"

"கை கைப்பிடி மேலதான் இருந்துச்சு. விரலை நான்தான் பிரிச்சேன்."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. கைப்பிடியின் முன் போய் நின்று, இரண்டு கையாலும் பிடித்தான். வலது கை போல்ட்டுக்குப் பக்கத்தில். மொத்த பாரத்தையும் அந்தப் பக்கம் சாய்த்தான். சுவர் முணுக்கென்றுகூட இல்லை. முதுகை நிமிர்த்தி, கண்ணைப் பென்சில் எழுத்தில் வைத்து, இடது காலை மெல்லப் பின்னால் தூக்கினான். நாள் முழுக்க நின்ற கால், நடுங்கியது.

இடுப்பருகில் ஒரு கை வந்தது. அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை.

"ஒண்ணு," என்றாள் அவள்.

இரண்டு. மூணு. நாலு. சமையலறையில் கிண்ணம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அஞ்சு. ஆறு."

அவன் காலை இறக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. கூடத்துக் கடிகாரம் இரண்டு தடவை துடிக்கிற நேரம் போயிற்று.

"ஒம்பது," என்றாள்.